மஞ்சள் ஏன் பச்சை தட்டுது? பிரிண்டர் கலர் கேள்வி பதில்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் ஃபிளெக்ஸ், சப்ளிமேஷன், துணி பிரிண்டிங், ஆல்பம் என்று தொழில் செய்கிறவர்கள் அனுப்பியவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். எந்த மெஷின் வாங்கலாம், என்ன விலை என்பதையெல்லாம் விட்டுவிட்டேன். அது டீலரிடம் பேச வேண்டியது.

ஈரோடு, ஃபிளெக்ஸ் கடை: அண்ணா, மஞ்சள் மண்டிக்காரர் ஒருத்தருக்கு பேனர் அடிச்சோம். ஃபைல்ல நல்ல மஞ்சள்தானுங்க. அடிச்சு வந்தா பச்சை தட்டுது. மெஷின் வித்தவர் புது ப்ரொஃபைல் அனுப்பினார், அதைப் போட்டும் மாறலை. என்னங்க பண்றது?

ஈரோட்டில் மஞ்சள் நிறம் தப்பினால் குறை சொல்ல ஊரே வரும். அதனால் இதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஜவுளிக்காரர்கள் இழை எண்ணுகிற மடக்கு லென்ஸ் ஒன்று வாங்கி, பேனரின் மஞ்சள் பகுதியில் வைத்துப் பாருங்கள். மஞ்சளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலப் புள்ளி தெரிந்தால், ஃபைலோ, ஃபைலைப் புள்ளிகளாக மாற்றி மெஷினுக்கு அனுப்பும் ரிப் சாஃப்ட்வேரோ சயானை, அதாவது நீல மையை, போடச் சொல்லியிருக்கிறது என்று அர்த்தம். புள்ளியே இல்லாமல் மஞ்சளே அழுக்கடைந்து பச்சையாக இருந்தால் கோளாறு மெஷினில். மை தெளிக்கும் ஹெட்டைத் துடைக்கும் வைப்பரும் அதை மூடிவைக்கும் கேப்பிங்கும் அழுக்கேறி, பக்கத்துச் சேனல் மை மஞ்சளுக்குள் ஏறியிருக்கும். இந்தக் கோளாறை முதலில் காட்டிக்கொடுப்பது எப்போதும் மஞ்சள்தான். கறுப்புக்குள் கொஞ்சம் மஞ்சள் போனால் யாருக்குத் தெரியப்போகிறது?

புள்ளி தெரிந்தால் அடுத்த சோதனை. ரிப்பில் கலர் மேனேஜ்மென்ட்டை அணைத்துவிட்டு, மஞ்சள் 100 சதவீதம் மட்டும் உள்ள கட்டம் ஒன்றும், மஞ்சள் 100 மெஜந்தா (இளஞ்சிவப்பு மை) 20 உள்ள கட்டம் ஒன்றும் அடியுங்கள். இரண்டும் சுத்தமாக வந்தால் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. நிறத்தை மாற்றும் கணக்கில்தான் சிக்கல். டிசைனர் ஆஃப்செட் ப்ரொஃபைலில் ஃபைல் செய்திருப்பார். ரிப் அந்த மஞ்சளை லேப் எண்ணாக, அதாவது எந்த மெஷினையும் சாராத நிற எண்ணாக, மாற்றி, அதே நிறத்தை உங்கள் மையில் தேடும். ஆஃப்செட் மஞ்சளைவிட உங்கள் சால்வென்ட் மஞ்சள் கொஞ்சம் செம்மஞ்சள் பக்கம் இருந்தால், அதைச் சரிக்கட்டக் கொஞ்சம் சயானைச் சேர்த்துவிடும். கணக்குப்படி அது சரி, பேனரில் பார்க்கத்தான் சகிக்காது. தனி நிறங்களைக் கலக்காமல் அப்படியே விடச் சொல்லும் டிக் ஒன்று பல ரிப்களில் இருக்கிறது, அதைப் போடுங்கள். மண்டிக்காரர் எதிர்பார்க்கும் மஞ்சள் தூள் நிறத்துக்கு மஞ்சள் 100 மட்டும் பத்தாது, மெஜந்தாவும் வேண்டும் என்று டிசைனரிடமும் சொல்லிவையுங்கள்.

விற்றவர் அனுப்பிய ப்ரொஃபைல் விஷயம். அது வேறொரு மெஷினில், வேறு மையில், வேறு ஃபிளெக்ஸில் அளந்தது. ஒருவருக்கு எடுத்த அளவில் இன்னொருவருக்குச் சட்டை தைக்கிற கதை. மெஷினைத் திருத்தும் சக்தி ப்ரொஃபைலுக்குக் கிடையாது. இந்த மெஷின் இந்த மையில் இந்த மீடியாவில் எப்படி அடிக்கிறது என்று அளந்து எழுதிவைத்த குறிப்புதான் அது. மெஷினை ஒரு நிலைக்குக் கொண்டுவந்து அங்கேயே நிற்க வைப்பது கேலிப்ரேஷன். அது முடியாமல் ப்ரொஃபைல் போடுவது வீண் வேலை.

கோபிசெட்டிபாளையம்: அந்த கேலிப்ரேஷனை வரிசையாச் சொன்னீங்கன்னா எழுதி ஒட்டிக்குவேன்.

மை வரும் துளைகளைச் சோதிக்கும் நாசில் செக்கில் ஒரு கோடும் விடுபடக் கூடாது. அப்புறம் ஹெட் அலைன்மென்ட், போகும்போதும் வரும்போதும் விழுகிற புள்ளி ஒரே இடத்தில் சேர வேண்டும். அடுத்து மீடியா ஃபீட். வெள்ளைக்கோடு விழுந்தால் அதிகம் நகர்கிறது, கறுப்புக்கோடு விழுந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது. ஹீட்டர் சூடு, பாஸ் எண்ணிக்கை (ஒரே இடத்தில் ஹெட் எத்தனை தடவை ஓடுகிறது), ரெசல்யூஷன் மூன்றையும் முடிவு செய்து குறித்துக்கொள்ளுங்கள். இதில் ஒன்றை மாற்றினாலும் பின்னால் செய்வதெல்லாம் செல்லாது.

இதுவரை எல்லோரும் செய்கிறார்கள். இதற்கப்புறம்தான் நம் பக்கம் பாதிப்பேர் நேராக ப்ரொஃபைலுக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் இங்க் லிமிட் இருக்கிறது. ஒவ்வொரு நிறத்தையும் 0 முதல் 100 வரை படிப்படியாக அடித்து, நிறம் அளக்கும் கருவியான ஸ்பெக்ட்ரோவால் அளந்தால், ஒரு இடத்துக்கு மேல் மை கூடுமே தவிர நிறம் கூடாது. அதோடு நிறமே திரும்பிவிடும். சயான் ஊதாப் பக்கம் சாயும், மெஜந்தா சிவப்புப் பக்கம் போகும். அந்தத் திருப்பத்துக்குச் சற்று முன்னால் லிமிட்டை நிறுத்துங்கள். கண்ணால் பார்த்து 100 விட்டால்தான் பளிச்சென்று இருக்கிறது என்பார்கள், கேட்காதீர்கள். காசும் போகும், மையும் வழியும்.

அதற்குப் பிறகு லீனியரைசேஷன். 50 என்று சொன்னால் பாதி அழுத்தம் வர வேண்டும், 10 முதல் 90 வரை படிகள் சமமாக ஏற வேண்டும். அப்புறம் மொத்த இங்க் லிமிட். நான்கு நிறமும் சேர்ந்து 200 முதல் 400 சதவீதம் வரை உள்ள கட்டங்களை அடித்து, எங்கே வழிகிறது, எங்கே காய மறுக்கிறது என்று பார்த்து, அதற்குக் கீழே வையுங்கள். ஆஃப்செட்டில் பூச்சுத் தாளுக்கு 300, 330 என்று சொல்வதை அப்படியே ஃபிளெக்ஸுக்கு எடுக்கக் கூடாது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ப்ரொஃபைல் சார்ட், அதாவது ப்ரொஃபைல் செய்ய அடித்து அளக்கும் நிறக் கட்டங்கள். 928 கட்டம் உள்ளதும் உண்டு, 1617 கட்டம் உள்ள ஐடி8.7/4ம் உண்டு. ஃபிளெக்ஸுக்குச் சின்னதே போதும். சால்வென்ட் மையாக இருந்தால் நன்றாகக் காயவிட்டு அளங்கள், ஈரத்தில் அளந்த எண் மறுநாள் இருக்காது.

திருப்பூர், சப்ளிமேஷன் ஜாப் ஒர்க்: பேப்பரில் அடிச்சு அளந்து ப்ரொஃபைல் போட்டா துணியில வேற மாதிரி வருதுங்க.

பேப்பரை அளக்கவே கூடாது. சப்ளிமேஷன் மை பேப்பரில் மங்கலாகத்தான் இருக்கும், சூட்டில் ஆவியாகிப் பாலியெஸ்டருக்குள் போன பிறகுதான் நிறம் பிறக்கிறது. சார்ட்டை பேப்பரில் அடித்து, நீங்கள் ஜாப் ஓட்டும் அதே துணியில், அதே சூட்டில், அதே நேரத்துக்கு ஏற்றி, ஆறிய பிறகு துணியை அளங்கள். 200 டிகிரி, 40 செகண்ட் என்று வைத்திருந்தால் அதுவும் ப்ரொஃபைலின் ஒரு பகுதி. அவசர ஆர்டர் என்று ஆபரேட்டர் 30 செகண்டில் எடுத்தால் கறுப்பு பழுப்படிக்கும், அப்புறம் ப்ரொஃபைலைத் திட்டிப் பயனில்லை. பிரஸ்ஸின் நடுவிலும் நான்கு மூலையிலும் சூட்டை அளந்து பாருங்கள். டிஸ்ப்ளேயில் 200 என்று காட்டும், மூலையில் அது இருக்காது.

பனியன் துணியை அளக்கும்போது ஒற்றையாக வைக்காதீர்கள், அடியிலிருக்கும் மேஜையின் நிறமும் சேர்ந்து வரும். அதே வெள்ளைத் துணியை நான்கு மடிப்பாக அடியில் போடுங்கள். நிட்டிங் வரிகளில் வெளிச்சம் ஒரு பக்கமாகச் சிதறும், ஆகவே கட்டங்களைப் பெரிதாக அடித்து, ஒவ்வொன்றையும் திருப்பி வைத்துச் சில தடவை அளந்து சராசரி எடுங்கள்.

திருப்பூர், எக்ஸ்போர்ட் மெர்ச்சண்டைசர்: காட்டனில் ரியாக்டிவ் டிஜிட்டல் பிரிண்ட் சார். ஆபீஸில் ஸ்ட்ரைக் ஆஃப் (மாதிரி பிரிண்ட்) பக்காவா மேட்ச் ஆகுது. பையர் ஷேடு ஆஃப்னு ரிஜெக்ட் பண்றாங்க.

எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பையரின் ஸ்பெக் ஷீட்டில் அது இருக்கும். டி65 என்றால் 6500 கெல்வின் பகல் வெளிச்சம். டிஎல்84 என்றால் ஐரோப்பியக் கடைகளின் 4000 கெல்வின் வகை டியூப். ‘ஏ’ என்றால் பழைய குண்டு பல்பு. லேப் டிப், அதாவது சாயம் ஏற்றிய மாதிரித் துணி, மூன்று சாயத்தில் போட்டது, உங்கள் பிரிண்ட் வேறு மைகளின் கலவை. இரண்டும் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும், இன்னொன்றில் பிரிந்துவிடும். இந்த மெட்டாமெரிசத்தை எந்த ப்ரொஃபைலும் முழுதாகத் தீர்க்காது. எது பிரைமரி லைட் என்று பையரிடம் எழுத்தில் வாங்கி, கலர் பாக்ஸில் அதற்கு மேட்ச் செய்யுங்கள். இரண்டாவது லைட்டில் எவ்வளவு விலகுகிறது என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வித்தியாசத்தை எந்தக் கணக்கில் பார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள். துணிக்காரர்கள் பெரும்பாலும் சிஎம்சி 2:1 என்பார்கள். உங்கள் ரிப் காட்டுவது டெல்டா ஈ 2000 என்ற வேறு கணக்காக இருக்கலாம். இரண்டு எண்ணையும் ஒப்பிட முடியாது.

பான்டோனில் டிசிஎக்ஸ் என்றால் காட்டன் சாம்பிள், சி என்றால் பூச்சுத் தாள். டிசைனர் ஃபைலில் சி எண்ணைப் போட்டுவிட்டு டிசிஎக்ஸ் சாம்பிளோடு மல்லுக்கட்டுவதை நிறைய பார்க்கிறேன்.

இன்னொன்று. ரியாக்டிவ்வில் நிறம் முடிவாவது ஸ்டீமரிலும் வாஷிங்கிலும்தான். அதற்கு முன்னால் துணிக்கு ஏற்றும் யூரியா, சோடா, ஆல்ஜினேட் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் மாறினால், அந்த வித்தியாசம் ப்ரொஃபைலில் வரும் வித்தியாசத்தைவிடப் பெரிது. கெமிக்கல் ஏற்றித் தருபவரை மாற்றினால் சார்ட்டைத் திரும்ப அடித்து, 102 டிகிரி ஆவியில் வழக்கமான நேரம் வைத்து, சோப்பு வாஷ் முடித்து, காய்ந்த பிறகு அளங்கள்.

கரூர், ஹோம் டெக்ஸ்டைல்: ஒரே ஃபைல், ஒரே துணி. காலையில ஒரு கலர், சாயங்காலம் ஒரு கலர். மெஷின் கம்ப்ளைன்டுங்களா?

பெரும்பாலும் அறைதான் காரணம். சூடு ஏறினால் மை இளகும், துளியின் அளவு மாறும். கரூர் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே காலைக்கும் மாலைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏசி போட்டால் சூடு அடங்கும், ஆனால் காற்று இன்னும் காய்ந்துபோய் ஸ்டேட்டிக் ஏறும், துணியின் பஞ்சு ஹெட்டை நோக்கி எழும். ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம் வரை இருக்குமாறு ஹியூமிடிஃபையர் வையுங்கள். பொள்ளாச்சி, கோவைக்காரர்களுக்குச் சிக்கல் நேர்மாறு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் தாள் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். மீடியா ரோலை முந்தின நாளே அறைக்குள் வைத்துவிட வேண்டும்.

தினமும் வேலை தொடங்குமுன் சாம்பல் நிறமும் தனி நிறங்களும் உள்ள சின்னப் பட்டை ஒன்றை அடித்து, முதல் நாள் எண்ணோடு ஒப்பிடுங்கள். டெல்டா ஈ வித்தியாசம் 2க்குள் இருந்தால் ஓட்டுங்கள். தாண்டினால் முதலில் நாசில், அப்புறம் லீனியரைசேஷன். புது ப்ரொஃபைல் கடைசி வழி.

கோவை, கல்யாண ஆல்பம்: மானிட்டரில் பார்த்த பட்டுச்சேலை பிரிண்டில் வரவில்லை. பொண்ணு வீட்டில் சண்டை.

மானிட்டரின் பிரைட்னஸ் முழுதாக வைத்திருப்பீர்கள். கலரிமீட்டர் வைத்து 100 கேண்டெலா பக்கம், காமா 2.2 என்று கொண்டுவாருங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீரும். மீதி, ராணி பிங்க், மயில்கழுத்து மாதிரி நிறங்கள் நான்கு மைக்குள் அடங்காதவை. பிரிண்ட் எப்படி வரும் என்று மானிட்டரிலேயே காட்டும் சாஃப்ட் ப்ரூஃபில் எது அடங்காது என்று பார்த்து, முகூர்த்தச் சேலைக்கு மட்டும் கையால் திருத்துங்கள். அடங்காத நிறத்தை எப்படி அடக்குவது என்று ரிப்புக்குச் சொல்லும் ரெண்டரிங் இன்டென்ட்டில் எதை வைப்பது என்று பலர் கேட்டிருந்தார்கள். ஆல்பத்துக்கு பர்செப்சுவல், லோகோவுக்கு ரிலேட்டிவ். மற்றதெல்லாம் ப்ரூஃப் அடிக்கிறவர்கள் கவலை.

சேலம், டிஜிட்டல் பிரஸ்: ப்ரொஃபைல் போட்ட பிறகு சாம்பல் நிறமெல்லாம் மஞ்சளடிக்குது.

தாளில் வெளுப்பான் அதிகம். புற ஊதா ஒளி பட்டதும் அது நீலமாக ஒளிரும், கருவி அதை நீலம் என்று படிக்கும், ப்ரொஃபைல் அதை அடக்க மஞ்சளைச் சேர்க்கும். அளக்கும் நிலையை, அதாவது கருவி எந்த வெளிச்சத்தில் அளக்கிறது என்பதை, எம்0வில் வைத்திருந்தால் எம்1க்கு மாற்றி அளங்கள். அச்சைச் சரிபார்க்கும் டி50 வெளிச்சத்தில் பார்க்கிற வேலைக்கு அதுதான் பொருந்தும். அப்படியும் மஞ்சளடித்தால் புற ஊதாவை வெட்டும் எம்2வில் அளந்து பாருங்கள்.

பொள்ளாச்சி: கருவி விலை தாங்காதுங்க. ஸ்கேனர், மொபைல் கேமராவில் முடியாதா?

முடியாது. அவை சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்தான் தரும். ஸ்பெக்ட்ரோ நிறமாலை முழுவதையும் துண்டு துண்டாக அளக்கிறது. நாலு கடைக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். பழையது வாங்கினால், கூட வரும் வெள்ளைப் பலகையின் சீரியல் எண்ணும் கருவியின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். எண் மாறியிருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

திருச்செங்கோடு, ரிக் (போர்வெல்) வண்டி ஸ்டிக்கர்: லேமினேஷன் போட்டதும் கலர் இருட்டாகுதுங்க.

க்ளாஸ் லேமினேஷன் எப்போதும் அழுத்தம் கூட்டிக் காட்டும். சார்ட்டையே லேமினேஷன் போட்டு அளந்து தனி ப்ரொஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். அடித்த வினைலை ஒரு நாள் பிரித்துப் போட்டுக் காயவிடாமல் லேமினேட் செய்யாதீர்கள். உள்ளே அடைபட்ட சால்வென்ட் பசையைக் கெடுக்கும், ஆறு மாதத்தில் ஓரம் சுருளும். வண்டி வடக்கே போய்விட்டால் திருப்பி ஒட்டவும் முடியாது.

அவிநாசி: பெரிய ஹோர்டிங், ஆறு பேனல். இரண்டு மெஷினில் பிரித்து அடித்தால் சீக்கிரம் முடியும். கலர் சேருமா?

தனித்தனி ப்ரொஃபைல் நன்றாகவே இருந்தாலும் வெளிர் நிறங்களில் ஒட்டு தெரியும். ஒரே மெஷின், ஒரே ரோலில் அடியுங்கள். ஒரு பேனலை விட்டு ஒரு பேனலைத் தலைகீழாகத் திருப்பி அடித்தால், ஒட்டில் சேரும் இரண்டு ஓரமும் ஹெட் ஓடும் அதே பக்கத்தில் விழும். ரிப்பில் பேனல் பிரிக்கும் இடத்திலேயே அதற்கான டிக் இருக்கும்.