மருத்துவர் பதில்: இனிப்பைத் தொடாதவருக்கும் சர்க்கரை ஏறுமா?

கேள்வி: எனக்கு வயது 38. ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வாராவாரம் மாறும் ஷிப்டில் வேலை பார்க்கிறேன். நான் இனிப்பைத் தொடுவதில்லை. வீட்டில் யாருக்கும் சர்க்கரை நோயும் இல்லை. ஆனாலும் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.1 என வந்திருக்கிறது. இரவு வேலை இதற்குக் காரணமாகுமா?

பதில்: ஆகலாம். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பதால் நீங்கள் இன்னும் நோயாளி இல்லை. மாறும் இரவு ஷிப்டில் ஆண்டுகள் கூடக் கூட டைப் 2 சர்க்கரை நோய்க்கான வாய்ப்பும் கூடுவது, அமெரிக்கச் செவிலியர்களை நெடுங்காலம் கவனித்த ஆய்வில் தெரியவந்தது.

மூளையில் உள்ள தலைமைக் கடிகாரம் கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து நேரம் அறிகிறது. கல்லீரல், கணையம் போன்ற உறுப்புகளின் கடிகாரங்களோ பெரும்பாலும் நாம் உண்ணும் நேரத்தையே பின்பற்றுகின்றன. இரவில் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும்போது கணையம் இன்சுலினைக் குறைத்தே விடுகிறது. அந்த நேரத்தில், இரண்டு மணிக்குக் கேன்டீனில் ஒரு தட்டுச் சாம்பார் சாதம் உள்ளே போனால், அதே சாதம் பகலில் ஏற்றுவதைவிட அதிகமாகச் சர்க்கரையை ஏற்றும். அது இறங்கவும் நேரமாகும்.

2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரவுப் பணியைப் போலவே விழித்திருக்க வைக்கப்பட்டவர்களில், இரவிலும் உண்டவர்களுக்குச் சர்க்கரை ஏறியது. பகலில் மட்டும் உண்டவர்களுக்கு ஏறவில்லை. பங்கேற்றவர்கள் 19 பேர்தான், அவர்களும் ஆரோக்கியமான இளைஞர்கள் என்றாலும், ஷிப்டை மாற்ற முடியாத உங்களுக்கு அது ஒரு வழியைக் காட்டுகிறது.

எனவே முழுச் சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். நள்ளிரவுக்குப் பின் பசித்தால் கொஞ்சம் சுண்டலோ, அவித்த முட்டையோ, மோரோ போதும். இனிப்பே தொடுவதில்லை என்பவர்கள் பலரும் இரவில் குடிக்கும் நான்கைந்து டீயின் சர்க்கரையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நீங்களும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அதிகாலை டீயை விட்டால் பகல் தூக்கமும் கெடாது. தூங்கும் அறைக்குக் கனமான திரை போடுங்கள். நடைப்பயிற்சியும் இடுப்புச் சுற்றளவில் கவனமும் எல்லோரையும் போல உங்களுக்கும் வேண்டும்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் உடன் பணியாளர்கள் இதைப் பார்த்து இரவு உணவைத் தாங்களாக விட்டுவிடக் கூடாது. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடக்கூடும்.

இரத்தசோகை இருந்தால் மூன்று மாதச் சராசரி தவறாகக் காட்டலாம் என்பதால், பகல் ஷிப்ட் வாரத்தில், இரவு நன்றாகத் தூங்கி எழுந்து, வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் ஹீமோகுளோபினையும் பாருங்கள். மூன்று மாதம் கழித்துச் சராசரியை மறுபடி எடுத்து, எல்லா முடிவுகளோடும் உங்கள் மருத்துவரைச் சந்தியுங்கள்.