அந்தத் தீர்ப்பு நமக்குப் பொருந்துமா? வாசகர்களின் சட்டக் கேள்விகளுக்குப் பதில்

அண்மைக்காலத் தீர்ப்புகளைப் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. சொத்துத் தகராறுகளே மிகுதி என்பதால் முதலில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் அப்பா 2001-இல் காலமானார். பூர்வீக நிலத்தில் பங்கு கேட்டால், "2005-இல் சட்டம் வந்தபோது அப்பா உயிரோடு இல்லை, உனக்குப் பங்கு கிடையாது" என்கிறார் அண்ணன். 1998-இல் எழுதிய பதிவில்லாத கூர்சீட்டையும் (யாருக்கு எந்தப் பங்கு என்று எழுதிவைத்த பாகப்பிரிவினைப் பட்டியல்) காட்டுகிறார். அதில் அப்பா, அண்ணன், தம்பி ஆகியோரின் கையெழுத்து மட்டுமே இருக்கிறது. எனக்குத் திருமணம் நடந்தது 1991-இல்.

பதில்: அண்ணன் சொல்வது 2015-ஆம் ஆண்டு நிலைமை அம்மா. மகளுக்கும் சமப் பங்கு தரும் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 9.9.2005 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று இரண்டு நீதிபதிகள் அமர்வு அப்போது சொன்னது உண்மைதான். ஆனால் 11.8.2020 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்துவிட்டது. மகளின் பங்குரிமை பிறப்பால் வருவது. தந்தை என்று இறந்தார் என்பது அதைத் தடுக்காது. இவ்வளவு தெளிவான தீர்ப்புக்குப் பிறகும் பழைய வாதத்தைச் சொல்லிப் பெண்களைத் திருப்பி அனுப்புவதைப் பார்க்கும்போது மனம் ஆறவில்லை.

அடுத்து கூர்சீட்டு. 20.12.2004-க்கு முன்பு பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்பாணையோ இருந்தால் 2005 திருத்தம் அதைத் தொடாது. பதிவில்லாத கூர்சீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு எளிதில் கிடைக்காது. வாய்மொழிப் பாகப்பிரிவினை என்று வாதாடினால், பொது ஆவணங்களின் ஆதாரத்தோடு அதை நிரூபிக்க வேண்டும். அதையும் விதிவிலக்கான வழக்குகளில்தான் ஏற்கலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. எனவே 1998-க்குப் பிறகு பட்டா யார் யார் பெயருக்கு மாறியது என்று முதலில் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான விவரம் கடைசி வரியில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 25.3.1989 முதலே, அந்தத் தேதியில் திருமணம் ஆகாதிருந்த மகள்களுக்குப் பங்குரிமை கொடுக்கப்பட்டுவிட்டது. நீங்கள் 1991-இல் மணமானவர். அப்படியானால் 1998-லேயே நீங்கள் பங்குதாரர். பங்குதாரர் ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்கள் பிரித்துக்கொண்டது உங்களைக் கட்டுப்படுத்தாது. 2005 சட்டத்தைத் தொடாமலே உங்கள் வழக்கறிஞர் இதை வாதிடலாம். திருமணத் தேதிக்கான சான்றைத் தேடி எடுத்து வையுங்கள். சமாதானம் பேசுகிறோம் என்று, பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தை நீட்டினால், வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

கேள்வி: மூலப் பத்திரம் இல்லை என்று சார்பதிவாளர் என் கிரயப் பத்திரத்தைத் திருப்பிவிட்டார். உச்ச நீதிமன்றம் அப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டதாமே?

பதில்: ஆம், ஏப்ரல் 2025-இல். தமிழ்நாடு பதிவு விதிகளில் 55ஏ(1) என்ற விதி 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று விசாரிப்பது சார்பதிவாளரின் வேலை அல்ல என்பதே காரணம். ஆனால் விழுந்தது விதி மட்டுமே. சட்டத்தையே திருத்தி அந்த அதிகாரத்தைக் கொடுத்தால் கதை வேறு. ஆகவே பதிவுக்குப் போகும் நாளில் நடைமுறையில் உள்ள சட்டப் பிரிவைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: பதிவாகிவிட்டது என்பதால் விற்றவருக்கு இல்லாத உரிமை உங்களுக்கு வந்துவிடாது. வில்லங்கச் சான்றையும் மூலப் பத்திரங்களையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மசோதாக்களுக்கு ஆளுநர் ஒப்புதல் தரும் விவகாரத்தில் ஏப்ரல் 2025-இல் ஒரு தீர்ப்பு, நவம்பரில் வேறொன்று. எதை எடுத்துக்கொள்வது?

பதில்: ஏப்ரல் 8 அன்று வந்தது தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கின் தீர்ப்பு. இரண்டு நீதிபதிகள் அமர்வு பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்றது; ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலவரம்பும் விதித்தது. நவம்பர் 20 அன்று வந்தது, குடியரசுத் தலைவர் அரசமைப்புச் சட்டத்தின் 143-ஆவது பிரிவின் கீழ் கேட்ட 14 கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வு அளித்த கருத்துரை. காலவரம்பை நீதிமன்றம் விதிக்க முடியாது, ஒப்புதல் தந்ததாகக் கருதுவதும் கூடாது என்றது அது. தொலைக்காட்சி விவாதங்கள் அங்கேயே நின்றுவிட்டன. மசோதாவைக் காரணமின்றிக் கிடப்பில் போட்டால், முடிவெடுக்கும்படி ஆளுநருக்கு நீதிமன்றம் வரையறுக்கப்பட்ட உத்தரவு இடலாம் என்றும், மசோதாவைச் சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பாமல் ஒப்புதலை நிறுத்திவைக்க முடியாது என்றும் அதே கருத்துரையில் இருக்கிறது. மாநிலங்களுக்கு இந்தப் பகுதிதான் இனி கைகொடுக்கும். 143-ஆவது பிரிவின் கருத்துரை மேல்முறையீட்டுத் தீர்ப்பு அல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: "நீதிபதிகள் கடும் கண்டனம்" என்று செய்தி வந்தது. என் வழக்கில் அதைக் காட்டலாமா?

பதில்: முடியாது. விசாரணையின்போது வாய்மொழியாகச் சொல்வது யாரையும் கட்டுப்படுத்தாது. கையெழுத்தான உத்தரவில் இருப்பதுதான் கணக்கு. உச்ச நீதிமன்றத்தின் இணையதளத்தில் தீர்ப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு.

கேள்வி: காவல் நிலையத்திலிருந்து வாட்ஸ்அப்பில் விசாரணை நோட்டீஸ் வந்திருக்கிறது. செல்லுமா?

பதில்: புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு நோட்டீஸ் என்றால் வாட்ஸ்அப்பில் அனுப்பியது முறையாக நோட்டீஸ் கொடுத்ததாக ஆகாது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அதற்காக அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்; வழக்கறிஞர் மூலம் எழுத்தில் பதில் கொடுங்கள்.

கேள்வி: தம்பியை அழைத்துப் போனார்கள். எதற்கு என்று வாயால் சொன்னதோடு சரி.

பதில்: அது போதாது. கைதுக்கான காரணங்களை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும். உடனே தர முடியாத சூழ்நிலையிலும், ரிமாண்டுக்காக (காவலில் வைக்கும் உத்தரவுக்காக) மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தந்தாக வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தராவிட்டால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம். பிறகு எழுத்தில் தந்துவிட்டு மீண்டும் காவலில் வைக்கக் கேட்கக் காவல்துறைக்கு வழியும் உண்டு. "எனக்கு எழுத்தில் எதுவும் தரவில்லை" என்று தம்பி மாஜிஸ்திரேட்டிடமே சொல்ல வேண்டும். அது ரிமாண்டு உத்தரவில் பதிவாகிறதா என்று வழக்கறிஞரை அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள்.