சைட்டில் முளைக்கும் தகராறு: கேள்வி பதில்

ஒப்பந்த நிர்வாகத்தில் 25 வருடத்துக்கு மேல் ஓட்டியாயிற்று. இப்போது தகராறு வாரியங்களில் உறுப்பினராக உட்காருவதும், சைட் ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பதுமாகப் பொழுது போகிறது. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். நடக்கிற வழக்குக்கு மட்டும் என்னிடம் தீர்ப்பு கேட்காதீர்கள்.

கேள்வி (சைட் எஞ்சினியர்): சார், எங்கள் கம்பெனியில் தகராறு தவிர்ப்பு என்று இரண்டு நாள் வகுப்பு வைக்கிறார்கள். கான்கிரீட் போடுகிற எனக்கு அது எதற்கு? கான்ட்ராக்ட் டிபார்ட்மென்ட் வேலைதானே?

தம்பி, முதல் வரிசையில் உட்கார வேண்டிய ஆளே நீங்கள்தான். கான்ட்ராக்ட் டிபார்ட்மென்ட்டுக்குத் தகராறு வளர்ந்த பிறகுதான் வந்து சேரும். டிராயிங் வரவில்லையே என்று ஆட்களை வேறு பக்கம் மாற்றி விடுகிறீர்கள் பாருங்கள், அது பிறக்கிற இடம் அங்கேதான்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் எனக்கே நடந்தது. தூண் கம்பி டிராயிங் ஏழு வாரம் தாமதம். தினமும் போன் போட்டேன், கன்சல்டன்ட் தினமும் "நாளைக்கு" என்றார். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுப்பார். இரண்டு வருடம் கழித்து நடுவர் முன்னால் விஷயம் போனபோது, "அப்படி எதுவும் எங்கள் பதிவில் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பொய்யும் இல்லை, பதிவில் நிஜமாகவே இல்லை. அந்த ஏழு வாரத்துக்கும் அபராதம் எங்கள் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்: இன்று நடந்ததை இன்றே எழுதுங்கள்.

கேள்வி (பயிற்சிப் பிரிவில் இருப்பவர்): அந்த இரண்டு நாளில் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்? சட்டப் பிரிவுகளை ஸ்லைடு போட்டுக் காட்டினால் எல்லோரும் தூங்குகிறார்கள்.

தூங்கத்தான் செய்வார்கள். ஸ்லைடை மூடி வையுங்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். வேலை தொடங்கும் முன்பே, முதல் பில் போவதற்கு முன்னால், கிளையன்ட், கான்ட்ராக்டர், கன்சல்டன்ட் மூன்று தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைப்பேன். தனித்தனி வகுப்பு நடத்தினால் ஒவ்வொருவரும் தன் தரப்புக்கு ஆயுதம் தீட்டிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான் நடக்கும். அந்தப் புராஜெக்ட்டின் சொந்த ஒப்பந்தத்தைத்தான் கையில் கொடுப்பேன், மாதிரி ஒப்பந்தத்தை அல்ல. யார், யாருக்கு, எத்தனை நாளுக்குள் என்ன எழுத வேண்டும் என்பதை அவர்களே தேடிச் சுவரில் ஒட்டிய தாளில் குறிக்க வேண்டும். இதற்கே அரை நாள் ஆகும். "இப்படி ஒரு பிரிவு இருக்கிறதா!" என்று புராஜெக்ட் மேனேஜரே வியந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டவரே அவர்தான்.

அப்புறம் ஒரு கட்டுக் காகிதம் கொடுப்பேன். கடிதம், மீட்டிங் மினிட்ஸ், டெய்லி ரிப்போர்ட் எல்லாம் கலந்து நாற்பது பக்கம். "தாமதம் எந்தத் தேதியில் தொடங்கியது? நிரூபியுங்கள்" என்பேன். ஆளுக்கொரு தேதி சொல்வார்கள். "வேலை வழக்கம்போல் நடந்தது" என்று ஒரு மாதம் முழுக்க ஒரே வரியை எழுதிய டெய்லி ரிப்போர்ட் எவ்வளவு பெரிய குழி என்பது அப்போதுதான் உறைக்கும்.

இரண்டாம் நாள் நாற்காலி மாற்றம். கான்ட்ராக்டர் ஆள் கிளையன்ட்டாக உட்கார்ந்து, தான் எழுதிய கிளைமுக்கு, அதாவது கூடுதல் காலமோ பணமோ கேட்கிற கோரிக்கைக்கு, தானே பதில் சொல்ல வேண்டும். அரை மணி நேரத்தில் தன் கிளைமில் பாதியைத் தானே வெட்டிப்போட்டவர்கள் உண்டு. கிளையன்ட் ஆட்கள் கான்ட்ராக்டராக உட்கார்ந்தால், பணம் தாமதமாகும்போது சப்-கான்ட்ராக்டருக்கும் கூலி ஆட்களுக்கும் என்ன பதில் சொல்வது என்று முழிப்பார்கள். நான் ஒரு மணி நேரம் பேசினாலும் இது நடக்காது.

ஆறு மாதம் கழித்து மறுபடி நடத்த வேண்டும். அதற்குள் பாதிப் பேர் மாறியிருப்பார்கள்.

கேள்வி: தகராறு வாரியம் என்கிறீர்களே, அது கோர்ட் மாதிரியா?

இல்லை. வேலை தொடங்கும்போதே இரு தரப்பும் சேர்ந்து நியமிக்கிற ஒருவர் அல்லது மூன்று பேர். அவ்வப்போது சைட்டுக்கு வந்து பார்ப்பார்கள். சண்டை வந்த பிறகு கதை கேட்பவர்கள் இல்லை, கண்ணெதிரே பார்த்தவர்கள். அதுதான் பெரிய வித்தியாசம்.

அமெரிக்காவின் கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையின் இரண்டாவது குழாய்க்கு 1975-ல் இப்படி ஒரு வாரியம் வைத்தார்கள். 1973-ல் திறந்த முதல் குழாய் செலவிலும் சண்டையிலும் சூடு போட்டிருந்தது. இரண்டாவது 1979-ல் முடிந்தது, ஒரு விவகாரமும் நீதிமன்றம் போகவில்லை. அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஃபிடிக் (கன்சல்டிங் எஞ்சினியர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு) வெளியிடும் மாதிரி ஒப்பந்தத்தின் 2017 பதிப்பில் வாரியத்தின் பெயரிலேயே தவிர்த்தலைச் சேர்த்துவிட்டார்கள். இரு தரப்பும் சேர்ந்து கேட்டால் வாரியம் பேசித் தீர்க்க உதவலாம். முடியாவிட்டால் 84 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பிடிக்காதவர் 28 நாளுக்குள் அதிருப்தி நோட்டீஸ் கொடுக்காவிட்டால் அந்த முடிவே இறுதி.

வாரியம் வைத்துவிட்டு, செலவு என்று சொல்லி வருகையை நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு வாரியமே வைக்காமல் இருக்கலாம்.

கேள்வி (சப்-கான்ட்ராக்டர்): மீடியேஷன், அட்ஜுடிகேஷன், ஆர்பிட்ரேஷன் மூன்றும் ஒன்றா?

மூன்றும் வேறு. மீடியேட்டர் முடிவு சொல்ல மாட்டார், உங்களை முடிவுக்குக் கொண்டுவருவார். அட்ஜுடிகேட்டர் சீக்கிரம் ஒரு முடிவு சொல்வார், இப்போதைக்கு அதன்படி நடக்க வேண்டும், பிறகு மேலே போகலாம். பிரிட்டனில் 1996 சட்டப்படி அதற்கு 28 நாள்தான். ஆர்பிட்ரேட்டர் சொல்வது கிட்டத்தட்ட இறுதி, மேல்முறையீட்டுக்கு வழி மிகக் குறைவு. எது எந்த வரிசையில் என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். சப்-கான்ட்ராக்ட்டில் அது மெயின் கான்ட்ராக்ட்டோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: சார், ஃபிடிக் ஒப்பந்தம். பாறை வந்து நான்கு மாதம் ஆயிற்று. 28 நாள் நோட்டீஸ் கொடுக்கவில்லை. இப்போது கிளைம் போடலாமா?

1999 பதிப்பு என்றால் பிரிவு 20.1 கடுமையானது. விஷயம் தெரிந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தவறினால் காலமும் இல்லை, பணமும் இல்லை. 2017 பதிப்பு என்றால், நோட்டீஸ் தாமதம் என்று எஞ்சினியர் (ஒப்பந்தத்தை நிர்வகிக்கக் கிளையன்ட் நியமிக்கிறவர்) 14 நாளுக்குள் சொல்லாவிட்டால் அது செல்லும் என்று எடுத்துக்கொள்ளப்படும், பிறகு எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கலாம். எதுவாக இருந்தாலும் இன்றைக்கே நோட்டீஸ் கொடுத்துவிட்டு வக்கீலைப் பாருங்கள். உங்கள் நாட்டுச் சட்டமும் இதில் பேசும்.

கேள்வி: எந்த சாஃப்ட்வேர் நல்லது?

உங்கள் ஃபோர்மேன் தினமும் திறப்பது.

கேள்வி (கான்ட்ராக்டர்): கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தப் பயிற்சியெல்லாம் கண்துடைப்பு. ஒப்பந்தமே ஒருதலைப்பட்சம். நிலத்தடியில் என்ன இருந்தாலும் என் பாடு, டிராயிங் தாமதமானாலும் என் பாடு. இதில் என்னை வகுப்பில் உட்காரவைத்துப் புன்னகைக்கச் சொல்கிறீர்களா?

கோபம் இல்லை, பாதி ஒத்துக்கொள்கிறேன். தாங்க முடியாத ரிஸ்க்கை ஒருவர் தலையில் கட்டிவிட்டு அவருக்குப் பேச்சுவார்த்தைப் பயிற்சி கொடுப்பது வேடிக்கைதான். அதனால் முதல் வகுப்பு ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்கு நடக்க வேண்டும். டெண்டர் போடுகிற உங்கள் ஆளுக்கும் வேண்டும். அந்தப் பிரிவைப் படித்துவிட்டுத்தானே விலை போட்டீர்கள்?

(கிளையன்ட் தரப்பிலிருந்து ஒருவர்): நான் குறுக்கிடலாமா? இவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் கிளைம் போடத்தான் கற்றுக்கொள்கிறார்கள். போன வேலையில் வகுப்பு முடிந்த மறுவாரமே பதினொரு நோட்டீஸ். நோட்டீஸ் என்பதே மிரட்டல்தான்.

(கான்ட்ராக்டர்): பதினொரு தாமதம் இருந்தால் பதினொரு நோட்டீஸ் வரும். கொடுத்தால் மிரட்டல், கொடுக்காவிட்டால் "காலம் கடந்துவிட்டது". நான் என்னதான் செய்வது?

கான்ட்ராக்டர் சொல்வது சரி. நோட்டீஸை மிரட்டலாகப் பார்க்கிற பழக்கம்தான் நான் பார்த்த தகராறுகளில் பாதிக்குக் காரணம். முன்கூட்டியே தெரிந்தால் டிராயிங்கை முடுக்கலாம், வேலை வரிசையை மாற்றலாம், மாற்றுப் பொருள் பார்க்கலாம். பிரிட்டனில் உருவான என்இசி மாதிரி ஒப்பந்தங்களில் முன்னெச்சரிக்கை கொடுப்பது இரு தரப்புக்கும் கடமை. விஷயம் தெரிந்த உடனே சொல்லி, சேர்ந்து உட்கார்ந்து வழி தேட வேண்டும். அங்கே யாரும் அதை மிரட்டல் என்பதில்லை.

ஆனால் கிளையன்ட் நண்பர் சொல்வதிலும் ஒன்று இருக்கிறது. பதினொன்றையும் ஒரே அச்சில் வார்த்து, தேதி, காரணம், எந்த வேலை பாதித்தது எதுவும் இல்லாமல் "எங்கள் உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை" என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு எரிச்சல்தான் வரும். என் வகுப்பில் நோட்டீஸ் ஐந்து வரிக்கு மேல் போகக் கூடாது. என்ன நடந்தது, எப்போது, எந்தப் பிரிவு, எது பாதிக்கும், அடுத்து என்ன செய்யலாம். கடைசி வரிதான் முக்கியம்.

(கிளையன்ட் தரப்பு): ஐந்து வரி என்றால் நானும் படிப்பேன். ஆனால் அவர்கள் தாமதத்தையும் எங்கள் கணக்கில் சேர்ப்பதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இரண்டு தரப்புத் தாமதமும் ஒரே சமயத்தில் வந்தால் சிக்கல்தான். அதற்குப் பொது விதி இல்லை. சொசைட்டி ஆஃப் கன்ஸ்ட்ரக்‌ஷன் லா வெளியிட்ட தாமத வழிகாட்டியின் 2017 பதிப்பு சொல்லும் வழி: காலநீட்டிப்பு கொடுக்கலாம், ஆனால் தாமதச் செலவு கிடைப்பது கஷ்டம். அதைப் பிரித்துக் காட்ட மாதாமாதம் புதுப்பித்த வேலை அட்டவணை வேண்டும். இரண்டு பேரும் தனியாகச் சண்டை போட்டுக்கொள்ளுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: 28 நாள் தாண்டி இரண்டு நாள்தான் ஆகிறது சார்...

மேலே பாருங்கள்.

கேள்வி: மினிட்ஸில் தாமதத்தைக் குறிப்பிட்டிருக்கிறோம். அதையே நோட்டீஸாக எடுத்துக்கொள்வார்களா?

சில சமயம் எடுத்துக்கொள்வார்கள், ஒப்பந்தம் நோட்டீஸுக்கு என்ன வடிவம் கேட்கிறது என்பதைப் பொறுத்தது. அந்தச் "சில சமயம்" மீது உங்கள் பணத்தை வைக்காதீர்கள். ஐந்து வரி, தனிக் கடிதம். இன்று நடந்ததை இன்றே.

கேள்வி: என் வீடு கட்டுகிற மேஸ்திரி பாதியில் போய்விட்டார். என்ன செய்யலாம்?

இது என் துறை இல்லை. நுகர்வோர் வழக்கு பார்க்கிற வக்கீலிடம் போங்கள். போகுமுன் பாதி வேலையைத் தேதி தெரிய போட்டோ எடுத்து வையுங்கள்.

கேள்வி: சார், 28 நாள் நோட்டீஸ் பற்றி ஒரு சந்தேகம்...

தம்பி, இங்கே தட்டச்சு செய்கிற நேரத்தில் அந்த நோட்டீஸை எழுதி அனுப்பியிருக்கலாம். போய் எழுதிவிட்டு வாருங்கள், மற்றதை அப்புறம் பார்ப்போம்.