முதல் ரிவ்யூ எழுதப்போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

தர்மபுரியில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். ஜர்னல்களுக்கு ரிவ்யூ எழுதுவது, அதாவது அடுத்தவரின் ஆய்வுக் கட்டுரையை (பேப்பரை) அச்சாகும் முன் படித்து எடிட்டருக்குக் கருத்துச் சொல்வது பற்றி இரண்டு மாவட்டத்து ஆராய்ச்சி மாணவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

பாலக்கோட்டிலிருந்து ஒருவர்: சார், கைடு தனக்கு வரும் பேப்பரை என்னிடம் கொடுத்து ரிவ்யூ எழுதச் சொல்கிறார். என் பெயர் எங்கும் வராது. தப்பா?

எழுதிப் பழகுவது நல்லதுதான் தம்பி, மறைப்பதுதான் தப்பு. பேப்பர் அவரை நம்பி ரகசியமாக வந்தது. எடிட்டரைக் கேட்காமல் உங்களிடம் காட்டியிருக்கக் கூடாது. நேச்சர் போன்ற ஜர்னல்களில் இரண்டு பேர் சேர்ந்து ரிவ்யூ செய்ய இடமுண்டு, உங்கள் பெயரை எடிட்டரிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். "எடிட்டருக்கு எழுதும்போது என் பெயரையும் சேர்த்துடலாமா சார்?" என்று பக்குவமாகக் கேளுங்கள். என் காலத்தில் நான் கேட்கவில்லை. மூன்று ரிவ்யூ அப்படியே போனது.

ஓசூரிலிருந்து ஒருவர்: முதல் பேப்பர் வந்திருக்கிறது. எங்கே தொடங்குவது?

பேப்பர் என்ன சொல்கிறது என்பதை உங்கள் வார்த்தையில் நாலு வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் குறை உங்களுடையதா பேப்பருடையதா என்று பாருங்கள். அடுத்து, முடிவைச் சோதனை தாங்குகிறதா என்று கேளுங்கள். பென்னாகரம் பக்கம் 12 ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு அளந்துவிட்டு, மாவட்டம் முழுக்க நீர் கெட்டுவிட்டது என்று ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். "மாதிரி போதாது" என்று முடித்துவிடாதீர்கள். எந்த மாதம் எடுத்தது, கிணற்றின் ஆழம் என்ன, மின்முனையால் அளந்தபோது டிசாப் கரைசல் சேர்த்தார்களா என்று கேளுங்கள். இரும்பும் அலுமினியமும் ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டும். அதை விடுவிக்கத்தான் அந்தக் கரைசல். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். 1.4 என்று வந்த கிணற்றுக்கு இந்த ஒரு கேள்வியே முடிவை மாற்றிவிடலாம். இலக்கணப் பிழை திருத்துவது உங்கள் வேலை இல்லை. பாதிப் பேர் அதிலேயே நேரத்தைக் கழித்துவிடுகிறார்கள்.

காவேரிப்பட்டினத்திலிருந்து ஒருவர்: ரிவ்யூ செய்ய எனக்கு அழைப்பே வருவதில்லையே, மேற்கொண்டு என்ன செய்ய?

நீங்களே எடிட்டருக்கு எழுதிப் போடுங்கள். "மா மகசூல் பற்றி எழுதுகிறேன்" என்றால் போதாது, எந்தக் கருவி, எந்தப் புள்ளியியல் முறை தெரியும் என்று சொன்னால்தான் எடிட்டருக்கு உதவும். பெங்களூரிலிருந்து 1932 முதல் வரும் கரண்ட் சயின்ஸ் போன்ற ஜர்னல்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். இணையத்தில் வெப் ஆஃப் சயின்ஸ் அகாடமியில் ரிவ்யூ எழுதக் கற்றுக்கொள்ளவென்றே இலவசப் பாடங்கள் உண்டு.

அரூரிலிருந்து ஒருவர்: சாட்ஜிபிடியில் பேப்பரைப் போட்டுச் சுருக்கம் வாங்கலாமா?

கூடாது. அச்சாகாத பேப்பர், உங்கள் சொத்து இல்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர்: பெரிய பேராசிரியரின் பேப்பரில் தப்பு இருந்தால் சொல்லலாமா? பயமாக இருக்கிறது.

சொல்லுங்கள். ஏற்பதும் தள்ளுவதும் எடிட்டரின் முடிவு, நீங்கள் காரணம் மட்டும் காட்டுகிறீர்கள். 1936-ல் ஈர்ப்பு அலைகள் கிடையாது என்று ஐன்ஸ்டைனும் ரோசனும் எழுதிய பேப்பரை ஃபிசிகல் ரிவ்யூ எடிட்டர் ஒரு ரிவ்யூவருக்கு அனுப்பினார். தப்பு இருக்கிறது என்று பதில் வந்தது. அச்சாகும் முன் அடுத்தவரிடம் காட்டியது ஐன்ஸ்டைனுக்குக் கடுங்கோபம், பேப்பரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மறு ஆண்டு வேறு ஜர்னலில் அது முடிவு மாறித்தான் வெளிவந்தது. அந்த ரிவ்யூவர் யார் என்பது வெளியே உறுதியாகத் தெரியப் பல பத்தாண்டுகள் ஆயின.