ஸ்காட்லாந்தில் கோட்டைகளைத் தவிர, காசு செலவில்லாமல் ரசிக்க என்ன இருக்கிறது?

எடின்பரோவுக்கு வேலைக்கு வந்திருப்பதாகவும், கோட்டைகளையெல்லாம் பார்த்தாயிற்று என்றும், செலவில்லாமல் வார இறுதியை எப்படிக் கழிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே வந்து எட்டு வருடமாகிறது. ஃபிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய் ஒரு மரத்தடியில் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். இதைவிடப் பெரிய சுகம் எனக்கு இந்த நாட்டில் கிடைத்ததில்லை.

நான் திரும்பத் திரும்பப் போகும் இடம் கேர்ன்கார்ம்ஸ் தேசியப் பூங்காவில் உள்ள லாக் அன் எய்லன் ஏரி. எடின்பரோவிலிருந்து அவிமோருக்கு ரயிலில் சுமார் 3 மணி நேரம். அங்கிருந்து பைன் காட்டு வழியே ஏரிக்கு நடந்தே போகலாம். ஏரி நடுவில் ஒரு சின்னத் தீவு, அதில் இடிந்த கோட்டை ஒன்று. (கோட்டை இங்கேயும் விடவில்லை!) ஏரியைச் சுற்றிவர 5 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும்.

போன அக்டோபரில் அங்கே ஒரு பைன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மேலிருந்து பொடிப்பொடியாக ஏதோ டீ மூடியில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் ஒரு சிவப்பு அணில். பைன் காயை இரண்டு கையாலும் பிடித்து, நாம் சோளக்கதிர் கடிப்பது போல உருட்டி உருட்டி, செதில் செதிலாகப் பிய்த்து உள்ளே இருக்கும் விதையைத் தின்றுகொண்டிருந்தது. குளிர்காலத்துக்காகக் காது நுனியில் முடிக்கொத்து முளைக்க ஆரம்பித்திருந்தது. கடைசியில் மிஞ்சிய தண்டை என் காலடியில் போட்டுவிட்டு அடுத்த காயைப் பறிக்கப் போனது. அந்தத் தண்டு இன்னும் என் மேசை மேல் இருக்கிறது. பிரிட்டனின் சிவப்பு அணில்களில் பெரும்பகுதி ஸ்காட்லாந்தில்தான் மிஞ்சியிருக்கிறது. இங்கிலாந்தில் பெரும்பாலான இடங்களில், அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட சாம்பல் அணில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை போனால் ஆஸ்ப்ரே பார்க்கலாம். தமிழில் விராலடிப்பான் என்கிறோமே, அதேதான். வேட்டையாலும் முட்டைத் திருட்டாலும் இங்கே அடியோடு அற்றுப்போன பறவை இது. 1954-இல் பக்கத்திலுள்ள கார்ட்டன் ஏரிக்குத் தானாகத் திரும்பி வந்தது. 1958-இல் அந்தக் கூட்டிலும் முட்டையைத் திருடினார்கள். மறு வருடம் காவல் போட்டு, பொதுமக்கள் தூரத்திலிருந்து பார்க்கவும் வழி செய்தார்கள். குளிர்காலத்துக்கு மேற்கு ஆப்பிரிக்கா போய்விட்டு வசந்தத்தில் அதே கூட்டுக்கு வருகிறது. காலை முன்னே நீட்டி நீரில் பாய்ந்து மீனோடு எழும்பி, நடுவானில் ஒருமுறை உடம்பை உதறும். ஒரே ஒருமுறைதான் பார்த்தேன், இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஜூலை, ஆகஸ்டில் பாதையோரம் பிளேபெரி பழுத்திருக்கும். பறித்துத் தின்றால் நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கு ஊதாவாகிவிடும்.

"அடுத்தவர் நிலத்தில் நடக்கலாமா?" என்று தயங்க வேண்டாம். 2003-ஆம் வருட நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, தனியார் நிலமானாலும் ஏரியானாலும் பொறுப்போடு நடந்துகொண்டால் யாரும் போகலாம். வீட்டு முற்றம், பயிர் நிற்கும் வயல் வேண்டாம். திறந்த கேட்டைத் திறந்தபடியும் மூடியதை மூடியும் விட்டுச் செல்லுங்கள். கூடாரம் போட்டும் தங்கலாம். லோமண்ட் ஏரிப் பக்கம் சில இடங்களில் மட்டும் மார்ச் முதல் செப்டம்பர் வரை அனுமதி வாங்க வேண்டும்.

அப்புறம், கோடையில் மிட்ஜ் என்ற பொடிக்கொசு உண்டு. காற்றில்லாத ஈரமான மாலையில் மொய்த்துவிடும், லேசாகக் காற்றடித்தாலே காணாமல் போகும். தலைக்கு ஒரு வலை வாங்கி வையுங்கள். வீடு திரும்பியதும் உண்ணி கடித்திருக்கிறதா என்று காலைக் கட்டாயம் பாருங்கள், லைம் நோய் வரலாம்.

முதல் முறை போக அக்டோபரைத்தான் சொல்வேன். மிட்ஜ் இருக்காது, பர்ச் மரங்கள் மஞ்சளாகியிருக்கும். அது செம்மான்கள் இணை சேரும் காலம். பொழுது சாயும்போது ஏரிக்கரையில் நின்றால், எதிர்மலையிலிருந்து ஓர் ஆண் மான் அடிவயிற்றிலிருந்து கத்தும். கொஞ்ச நேரத்தில் இன்னொரு மலையிலிருந்து பதில் வரும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கிளம்ப மனசே வராது.