ஏர் ஆம்புலன்ஸ் எரிபொருளுக்கு வரிச்சலுகை கேட்டு மனுப் போடலாமா?

கேள்வி: அண்ணா, நான் ஸ்வான்சீயில் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஏர் ஆம்புலன்ஸுக்காக உண்டியல் வைக்கிறோம். இந்த வருடம் ஒருவர் எழுந்து, "நாம் போடும் காசில் ஹெலிகாப்டருக்கு எண்ணெய் வாங்குகிறார்கள், அதில் 20 சதவீதம் வாட் வரியாக அரசாங்கத்துக்கே போய்விடுகிறது" என்றார். எல்லாருக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது. வரியை எடுக்கச் சொல்லி வேல்ஸ் நாடாளுமன்றத்துக்கு மனுப் போடலாம் என்று இருக்கிறோம். என்ன எழுத வேண்டும்?

பதில்: மனு எழுத உட்காரும் முன் உங்கள் சங்கத்தில் எல்லாரிடமும் ஒன்றைச் சொல்லிவிடுங்கள், தங்கச்சி. அந்த 20 சதவீதம் இப்போது அரசாங்கத்திடம் தங்குவதில்லை. 2015 ஏப்ரல் 1 முதல் ஏர் ஆம்புலன்ஸ் தொண்டு நிறுவனங்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். இந்தப் பேச்சைக் கேட்டு யாராவது உண்டியலில் போட வந்த காசைத் திரும்பப் பையில் வைத்தார்கள் என்றால் அதுதான் உண்மையான நஷ்டம்.

உங்கள் ஊர்க்காரர் சொன்னது பொய்யில்லை, பழைய கதை. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

வாட் வரி வேலை செய்யும் விதம் அப்படி. ஒரு கடைக்காரர் சரக்கு வாங்கும்போது கட்டிய வாட்டை, தான் விற்கும்போது வசூலித்த வாட்டில் கழித்துக்கொள்வார். ஏர் ஆம்புலன்ஸ் யாரிடம் வசூலிக்கும்? மலைச்சரிவில் கால் உடைந்து கிடப்பவரைத் தூக்கி வந்துவிட்டு அவரிடம் பில்லா நீட்ட முடியும்? சேவை இலவசம் என்பதாலேயே, கழித்துக்கொள்ள எதுவும் இல்லை. உதாரணத்துக்கு, எரிபொருள் பில்லில் 1,00,000 பவுண்டு என்று ஒரு தொகை, அதன் கீழே வாட் 20,000 என்று இன்னொரு தொகை இருக்கும். மொத்தம் 1,20,000 பவுண்டும் உண்டியல் காசு. எச்135 மாதிரியான ஹெலிகாப்டர் ஒரு மணி நேரம் பறந்தால் சுமார் 250 லிட்டர் குடிக்கும். 2011 ஜனவரியில் வாட்டை 17.5 சதவீதத்திலிருந்து 20 ஆக உயர்த்தியபோது இந்தச் சுமையும் கூடியது.

அப்போதுதான் மக்கள் கையெழுத்து இயக்கம் வேகம் பிடித்தது. அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. கடலில் தத்தளிப்பவரை மீட்கும் லைஃப்போட்டின் எரிபொருளுக்கு வாட் இல்லை, நிலத்தில் கிடப்பவரை மீட்கும் ஹெலிகாப்டருக்கு மட்டும் ஏன்? இரண்டையும் நடத்துவது மக்கள் பணம்தானே? ஒரு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. 2012 ஜூலையில் ஹெக்ஸம் தொகுதி எம்.பி. கய் ஓப்பர்மேன் மக்களவையில் அதை விவாதத்துக்குக் கொண்டுவந்தார்.

உடனே கிடைத்துவிடவில்லை. பிரிட்டன் அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தது. பழைய பூஜ்ய வாட் பட்டியலை, அதாவது வாட்டே போடாத பொருள்களின் பட்டியலை, வைத்துக்கொள்ளலாம், புதிதாக எதையும் சேர்க்க முடியாது என்பது ஒன்றிய விதி. லைஃப்போட் பழைய பட்டியலில் இருந்தது, ஹெலிகாப்டர் இல்லை. சட்டம் இடம் தரவில்லை என்று சொல்லிக் கதவை மூடிவிடலாம், அது எப்போதும் சுலபம். ஆனால் கையெழுத்து இயக்கத்தினர் விடவில்லை. 2014 மார்ச் பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பர்ன் ஏர் ஆம்புலன்ஸ் எரிபொருளின் வாட்டுக்கு நிவாரணம் அறிவித்தார். அடுத்து 2015 நிதிச் சட்டம் வாட் சட்டத்தில் 33சி என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. அதன்படி பில்லில் வாட் வழக்கம்போல் இருக்கும், தொண்டு நிறுவனம் கட்டும், பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளும். உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஏற்கெனவே இருந்த வழி இது.

இந்த வித்தியாசம் உங்களுக்கு முக்கியம். எரிபொருளுக்குப் பூஜ்ய வாட் என்று கிடைத்திருந்தால் எரிபொருளோடு நின்றிருக்கும். திரும்பப் பெறும் திட்டம் இலவச சேவைக்காக வாங்கும் எல்லாவற்றுக்கும் செல்லும். பராமரிப்பு, ஹெல்மெட், மானிட்டர், ஹேங்கர் வாடகையில் இருக்கும் வாட் எல்லாம் இதில் அடங்கும். கடைசிக் கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பைஸ்கள், தேடல் மீட்புக் குழுக்கள், ராத்திரியில் மோட்டார் சைக்கிளில் ரத்தம் கொண்டு போகிறவர்கள் எல்லாரும் இதே குடைக்குள் வந்தார்கள். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு புதிய பூஜ்ய வாட் தர சட்டத்தில் தடையில்லை. அதனால் யாராவது "பூஜ்யம் கேட்போம்" என்று கிளம்பினாலும், தயவுசெய்து சேராதீர்கள். கையில் இருப்பது அதைவிடப் பெரிது.

இன்னொரு சந்தேகமும் வரும். பெட்ரோல் பங்கில் வாட்டோடு எரிபொருள் தீர்வை என்று தனியாக ஒன்று கட்டுகிறோமே, அது? ஹெலிகாப்டர் குடிக்கும் ஜெட் எரிபொருளுக்குச் சொந்தப் பொழுதுபோக்காகப் பறப்பவர்கள்தான் அந்தத் தீர்வையைக் கட்ட வேண்டும். ஏர் ஆம்புலன்ஸுக்கு அது கிடையாது.

சரி, அப்படியானால் செய்ய ஒன்றுமே இல்லையா? இரண்டு இருக்கிறது.

முதலாவது, கிடைத்த சலுகையை வாங்குகிறார்களா என்று பார்ப்பது. ஏர் ஆம்புலன்ஸ் மாதிரி பெரிய நிறுவனங்களில் கணக்கு ஆட்கள் இருப்பார்கள், கவலையில்லை. சின்னக் குழுக்களில்தான் விட்டுப்போகும். தன்னார்வலர்களே நடத்தும் ஒரு தேடல் குழுவின் கணக்கைப் பார்த்துக்கொடுக்கப் போனேன். பொருளாளர் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்தார். டீசல் ரசீது, ரேடியோ பாட்டரி ரசீது, கயிறு வாங்கிய ரசீது எல்லாம் வருட வாரியாக ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தார். அவ்வளவு ஒழுங்கு. ஆனால் ஒரு பென்னி கூட கிளெய்ம் செய்திருக்கவில்லை, இப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. நான்கு வருடத்துக்கு மேற்பட்ட செலவுக்குக் கேட்க முடியாது. டப்பாவின் அடியில் இருந்த கட்டுகளை எடுத்து ஓரமாக வைத்தபோது எங்கள் இருவருக்குமே பேச்சு வரவில்லை. உங்கள் சங்கம் அந்த மாதிரி ஏதாவது குழுவுக்கும் உதவுகிறது என்றால், வாட் பதிவு இல்லாதவர்கள் வாட்126 படிவத்தில் கேட்கலாம் என்று சொல்லுங்கள். பில் தொண்டு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். தன்னார்வலர் தன் பெயரில் வாங்கிய ரசீது சிக்கல்.

இரண்டாவது, இன்னும் நியாயம் கிடைக்காத ஒரு இடம். ஏர் ஆம்புலன்ஸ் என்றால் ஹெலிகாப்டர் மட்டுமில்லை. லண்டனில் இருட்டிய பிறகு அதே டாக்டரும் பாராமெடிக்கும் காரில்தான் விரைகிறார்கள். வேல்ஸிலும் கார்கள் உண்டு. அந்தக் காருக்குப் போடும் டீசலில் எரிபொருள் தீர்வை இருக்கிறது. 2022 மார்ச்சில் 5 பென்ஸ் குறைத்து லிட்டருக்கு 52.95 பென்ஸ் ஆக்கினார்கள். வாட் திரும்ப வரும், இந்தத் தீர்வை வராது. அந்த விகிதத்தில் 10,000 லிட்டர் போட்டால் 5,295 பவுண்டு போய்விடும். மனுப் போடத்தான் வேண்டும் என்றால் இதற்குப் போடுங்கள்.

ஆனால் எதிர்வாதத்துக்குத் தயாராக இருங்கள். "அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். ஆம்புலன்ஸும் ஃபயர் எஞ்சினும் இதே தீர்வையைக் கட்டுகின்றனவே" என்பார்கள். லைஃப்போட் மாதிரி ஒரு ஒப்பீடு இங்கே கையில் இல்லை. உங்கள் பதில் இதுவாக இருக்க வேண்டும்: என்.எச்.எஸ். கட்டுவது அரசாங்கத்தின் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகிற பணம், இங்கே போவது உண்டியல் பணம். அதோடு தீர்வையைத் தள்ளுபடி செய்யச் சொல்லாமல், 33சி மாதிரியே திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். பங்கில் எதையும் மாற்ற வேண்டாம், யாரும் ஏமாற்றவும் வழியில்லை என்று அதிகாரிகளுக்குப் புரியும். பொருளாளரிடம் கேட்டு, வருடத்துக்கு எத்தனை லிட்டர், எவ்வளவு பவுண்டு என்ற உண்மையான கணக்கை வாங்கிப் போடுங்கள். தீர்வை விகிதத்தை மனு எழுதும் அன்று ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனத்துக்குத் தெரியாமல் அவர்கள் பெயரில் எதையும் தொடங்காதீர்கள்.

அப்புறம், எந்தக் கதவைத் தட்டுவது என்பது. கார்டிஃபில் இருக்கும் வேல்ஸ் நாடாளுமன்றத்துக்கு வாட்டிலும் எரிபொருள் தீர்வையிலும் அதிகாரமில்லை. லண்டன் நாடாளுமன்றத்தின் மனுப் பக்கத்துக்குத்தான் போக வேண்டும். ஐந்து பேர் ஆதரவு இருந்தால் பரிசீலிப்பார்கள், ஏற்றுக்கொண்டால் ஆறு மாதம் திறந்திருக்கும். 10,000 கையெழுத்துக்கு அரசு பதில் சொல்லும், 1,00,000 வந்தால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று பார்ப்பார்கள். குடியுரிமை இல்லாவிட்டாலும் இந்த நாட்டில் வசிப்பவர் கையெழுத்துப் போடலாம். விசாவில் வந்து உங்களோடு வார்டில் வேலை செய்யும் பிள்ளைகள் "நமக்கு இதில் உரிமை இல்லை" என்று ஒதுங்கி நிற்பார்கள், அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மனுவுக்கு முன்னாலேயே உங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதி, அவர் வாரக் கடைசியில் தொகுதியில் மக்களைச் சந்திக்கும் நேரத்தில் இரண்டு பேர் போய்ப் பாருங்கள். 2012இல் கையெழுத்துகளோடு, அவையில் எழுந்து பேச ஒரு எம்.பி.யும் இருந்தார் என்பதை மறக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் மாதக்கணக்காகும். அடுத்த பொங்கலுக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உண்டியல் பக்கத்தில் கிஃப்ட் எய்ட் உறைகளை வையுங்கள், கேட்டால் நிறுவனமே தரும். வருமான வரி கட்டுகிறவர் பெயரும் வீட்டு முகவரியும் எழுதி, சம்மதக் கட்டத்தில் டிக் போட்டு 10 பவுண்டு வைத்தால், அரசாங்கம் மேலே 2.50 சேர்த்துக் கொடுக்கும். சம்பளத்தில் வரி பிடிக்கப்படும் நர்ஸ்கள் நிறைந்த சங்கம் உங்களுடையது. பாயசம் வாங்க வரிசையில் நிற்கும்போதே உறையையும் பேனாவையும் கையில் கொடுத்துவிடுங்கள்.