திருகோணமலையில் சின்னதாக ஒரு பசுமைக் குடில் போட என்னென்ன தேவை?

நிலாவெளியில் 20 அடிக்கு 50 அடி இடம் இருக்கிறது, முதன்முறையாகப் பசுமைக் குடில் போட்டுக் குடைமிளகாய் வைக்கப் போகிறேன், என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உப்புவெளியில் அதே அளவில் ஒன்றைப் போட்டு, முதல் போகத்திலேயே தக்காளியை உயிரோடு அவித்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

முதலில் குடைமிளகாயை மறந்துவிடுங்கள். அது இரவில் குளிர் கேட்கிற பயிர். நுவரெலியாவிலும் வெலிமடையிலும் அதற்கு இரவு குளிர்கிறது. நமக்கு ஆனி, ஆடியில் நடுச்சாமத்திலும் 25 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

நான் விட்ட பிழையும் அந்த வழியில் வந்ததுதான். மலைநாட்டில் ஒரு குடிலைப் பார்த்து ஆசைப்பட்டு, நாலு பக்கமும் பொலித்தீன் மூடிய ஏழடிக் கூடாரத்தை இங்கே கொண்டுவந்து நட்டேன். வைகாசியில் கச்சான் அடிக்கத் தொடங்கியது (காற்றைச் சொல்கிறேன், கொறிக்கிற கச்சானை அல்ல). மத்தியானம் உள்ளே வெப்பமானி 44 காட்டியது. தக்காளி பூத்தது, பூத்ததெல்லாம் கொட்டியது. பகலில் 32, 33 பாகையைத் தாண்டி, இரவிலும் 22க்கு இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும். செடி மட்டும் கொழுகொழுவென்று நிற்கும், பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டுவார்கள்.

நமக்குக் குடில் தேவைப்படுவது இரண்டு காரியத்துக்கு: ஐப்பசியிலிருந்து தை வரை கொட்டுகிற மழையை மேலே நிறுத்த, வெண் ஈயை வெளியே நிறுத்த. அதனால் பொலித்தீன் கூரைக்கு மட்டும் போதும். புற ஊதாக் கதிர் தாங்கும் 200 மைக்ரோன் விரிப்பாகக் கேட்டு வாங்குங்கள். பக்கங்களுக்கு அங்குலத்துக்கு 40 கண் உள்ள பூச்சி வலை. அந்த வலை காற்றையும் பாதி மறிக்கும், ஆகவே உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பக்கச் சுவர் 10 அடி, நடு முகடு 15 அடி. முகட்டில் ஒன்றரை அடி திறந்துவிட்டு, அந்தத் திறப்புக்கும் வலை கட்டி, அதன் மேல் ஒரு குட்டிக் கூரை. சூடு அந்த வழியால்தான் போகும். விசிறி, பனித்தூவி எல்லாம் முதல் வருடம் வேண்டாம், மின்கட்டணம்தான் மிஞ்சும். கச்சான் காலத்துக்கு மட்டும் கழற்றிப் பூட்டக்கூடிய 35 சதவீத நிழல் வலை ஒன்று வைத்திருங்கள். 50 சதவீத வலை நாற்றுக்கும் கீரைக்கும் சரி, காய்க்கிற பயிருக்கு இருட்டு.

கடலுக்குப் பக்கம் என்பதால் மலிவான இரும்புக் குழாய் இரண்டு மாரி கூடத் தாங்காது. நன்றாக நாகம் பூசிய ஜிஐ குழாய் போடுங்கள், அல்லது முற்றிய பனை மரத் தூண். குழாயில் பொலித்தீன் படுகிற இடமெல்லாம் வெள்ளைப் பெயின்ற் அடியுங்கள். வெயிலில் காய்கிற குழாய் பட்டுப் பட்டுப் பொலித்தீன் அந்தக் கோட்டிலேயே கிழியும், எனக்குக் கிழிந்தது.

பொலித்தீனை ஆணி அடித்துப் பூட்டாதீர்கள். அலுமினியத் தவாளிப்பில் வளைந்த ஸ்பிரிங் கம்பி செருகுகிற முறை கொஞ்சம் செலவுதான், ஆனால் நினைத்தவுடன் கழற்றலாம். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் நமக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது நினைவிருக்கும். அன்று பின்னேரமே நானும் மச்சானும் கூரையை உரித்துச் சுருட்டி வீட்டு விறாந்தையில் போட்டோம். உள்ளே இருந்த செடி போனது, சட்டம் அப்படியே நின்றது.

தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். மீட்டர் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ஈசி (EC) மீட்டரை வாங்குங்கள். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று அது காட்டும். என் கிணறு தை மாதம் 0.6 காட்டும், ஆவணியில் 1.9. உரம் கலந்த நீரே 2 முதல் 2.5 வரை இருந்தால் போதும் என்னும்போது, கிணறே 1.9 என்றால் உரத்துக்கு இடம் எங்கே? செடி நனைந்த மண்ணில் நின்றுகொண்டே வாடும். உங்கள் குடிலின் கூரையில் ஒரு அங்குல மழை விழுந்தால் 2,300 லீற்றர் தண்ணீர். பீலி பூட்டித் தாங்கியில் பிடியுங்கள். தாங்கியை நிழலில் வையுங்கள். என்னுடைய கறுப்புத் தாங்கி வெயிலில் நின்ற காலத்தில், மத்தியானம் சொட்டுக் குழாயில் வந்தது கன்னியா வெந்நீர்தான்.

நிலாவெளி மணலில் தண்ணீரும் நிற்காது, உரமும் நிற்காது. பையில் தென்னந்தும்புத் தூள் நிரப்பி நடுவது நல்லது, தக்காளிக்கு மண்ணிலிருந்து வருகிற பற்றீரியா வாடலும் அதிகம் அண்டாது. தும்புத் தூளிலும் உப்பு இருக்கும், மூன்று நான்கு தடவை கழுவி வடிகிற நீரில் மீட்டரை வைத்துப் பாருங்கள். உரத்துக்கு, தொடக்கத்தில் அல்பேர்ட் கரைசல் பக்கெற்றே போதும்.

வலை அடித்தால் தேனீயும் வராது. இது எனக்கு யாரும் சொல்லவில்லை. சாதாரணக் கெக்கரி விதை போட்டு, பிஞ்சுகள் மஞ்சளாகிச் சுருங்குவதை இரண்டு கிழமை பார்த்துக்கொண்டிருந்தேன். மகரந்தச் சேர்க்கை இல்லாமல் காய்க்கிற கெக்கரி விதை தனியாக விற்கிறது, விலை கூட. தக்காளி என்றால் காலை பத்து மணியளவில் கட்டியிருக்கிற கயிற்றைத் தட்டிவிட்டால் சரி, அந்த வேலையை என் மகள் செய்கிறாள்.

கதவு இரட்டையாக இருக்கட்டும், ஒன்றை மூடிய பிறகு மற்றதைத் திறக்கிற மாதிரி. வெளியே ஆளுயர வேலியும் வேண்டும். உங்கள் பக்கம் எப்படியோ, பட்டணத்தில் மான்கள் வீதியில் உலாவுவது தெரியும்தானே. குரங்குக்கு இன்னும் எனக்கு வழி கிடைக்கவில்லை.

பயிர் வரிசை என்றால், புரட்டாதியில் தட்டுகளில் மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுப் போட்டு விற்றுவிடுங்கள், மாரிப் போகத்துக்கு ஆட்கள் தேடி வருவார்கள். பிறகு கார்த்திகையில் தக்காளி, பங்குனியில் கெக்கரி. ஆனி, ஆடியில் நான் குடிலைச் சும்மா விட்டு, பைகளைக் கழுவிக் காயப்போட்டுவிடுகிறேன்.